இருபது மட்டை: அந்தமான் சிறையும் நொதியின் வரலாறும்

அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டிக்கப்பட்டு 1909-இல் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் பாரீந்திர குமார் கோஷ். அரவிந்தரின் இளைய சகோதரர். விடுதலைக்குப் பின் அவருடைய சிறை நினைவுகள் 1922-இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கில நூலாக வெளிவந்தன. போர்ட் பிளேர் செல்லுலார் சிறையில் கைதிகள் செய்த வேலைகளுள் ஒன்றை அந்நூல் நுணுக்கமாக விவரிக்கிறது: தேங்காய் மட்டை அடித்தல். கைதி ஒவ்வொருவருக்கும் இருபது தேங்காய்களின் காய்ந்த மட்டை தரப்படும். அதை மரக்கட்டையின்மேல் வைத்து மரச்சுத்தியலால் அடித்து மிருதுவாக்க வேண்டும். மேல்தோலை உரிக்க வேண்டும். நீரில் நனைத்து மறுபடியும் அடிக்க வேண்டும். உள்ளிருக்கும் சோறு உதிர்ந்து நார் மட்டும் எஞ்சும். அதை வெயிலில் உலர்த்திச் சுத்தம் செய்து, நாளொன்றுக்கு ஒரு சேர், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நார் ஒப்படைக்க வேண்டும்.

இக்காட்சி பெரும்பாலும் விடுதலைப் போராட்ட வரலாற்றின் ஒரு பகுதியாகவே படிக்கப்படுகிறது. தொழில்துறை உயிரித்தொழில்நுட்பத்தின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. அந்த மரச்சுத்தியலைக் கொண்டு ஒரே நாளில் செய்விக்கப்பட்டது, நுண்ணுயிர்களின் நொதிகள் பல மாதங்களில் செய்து முடிக்கும் வேலை.

மட்டையின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். தேங்காய் மட்டையில் நார்கள் தனித்தனியாகக் கிடப்பதில்லை. மென்மையான சோற்றுத் திசுவுக்குள் புதைந்து, அதனோடு ஒட்டியிருக்கின்றன. சுவர்க் கற்களைச் சாந்து பிணைப்பதைப் போல அணுக்களைப் பிணைக்கும் பொருள்களுள் முதன்மையானது பெக்டின். அளவில் அது மிகக் குறைவு. ஆனால் அது கரைந்தால்தான் நார் பிரியும். பெக்டின் என்பது கேலக்டுரோனிக் அமில மூலக்கூறுகள் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சுரக்கும் பெக்டினேஸ் நொதிகள் அச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுக்கின்றன. அவை நாரின் வலிமைக்குக் காரணமான செல்லுலோஸைத் தொடுவதில்லை. செல்லுலோஸைத் தாக்கும் வேறு நொதிகள் இருந்தாலும், தென்னை நாரில் மிகுந்திருக்கும் லிக்னின் அவற்றை எளிதில் நெருங்கவிடுவதில்லை. தேவையான பிணைப்பை மட்டும் அறுத்து மற்றதை விட்டுவிடும் இத்தெரிவே நொதியை ஏனைய வினையூக்கிகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. சுத்தியலுக்கு இத்தெரிவு கிடையாது. சோற்றின்மேல் விழும் அடி நாரின்மேலும் விழும்.

கடலோர மக்கள் நொதி என்ற பெயரை அறியாமலே நொதியை வேலை வாங்கினார்கள். மட்டைகளை உப்பங்கழியில் அமிழ்த்தி ஆறு முதல் பத்து மாதம் வரை விட்டுவைப்பது கேரளக் கரையின் பழைய முறை. மட்டையிலுள்ள பீனால் சேர்மங்கள் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பவை; ஏற்றவற்றம் அவற்றை அலசிக்கொண்டு போவதால்தான் கழிநீர் இத்தொழிலுக்கு உகந்ததாயிற்று. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இப்னு பதூதா, கரையோரக் குழிகளில் மட்டையை ஊறவைத்து, பிறகு அடித்து, பெண்கள் கயிறு திரித்ததையும், அக்கயிற்றால் இந்திய, யேமனியக் கப்பல்களின் பலகைகள் தைக்கப்பட்டதையும் பதிவு செய்தார். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடும் நிக்கோபார் தீவுகள் இந்தக் கடல்வழியில் இருப்பவையே. ஆங்கிலத்தின் ‘காயர்’ என்ற சொல்லும் தமிழ், மலையாளக் கரையின் ‘கயிறு’ என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

இவ்வேலையைக் குறிக்கும் சொற்களும் கவனிக்கத்தக்கவை. தமிழில் மட்டையை ‘ஊற’ வைக்கிறார்கள். மலையாளத்தில் தொண்டை ‘அழுக’ வைக்கிறார்கள். முதற்சொல் நீரின் செயலைச் சொல்கிறது. இரண்டாவது சொல் உயிரின் செயலைச் சொல்கிறது. நீருக்குள் நிகழ்வது அழுகல்தான் என்பதையும், அந்த அழுகலை உரிய கட்டத்தில் நிறுத்துவதே தொழில்திறன் என்பதையும் மலையாளச் சொல் ஒளிக்கவில்லை. அளவுக்கு மேல் ஊறினால் நாரும் நலியும். நாளைக் கணித்து மட்டையை வெளியே எடுத்தவர் இன்றைய நொதித்தொழில் ‘வினைநேரம்’ என்று அழைப்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்.

ஆய்வுக்கூடம் இந்த அறிவை வேறு வழியில் அடைந்தது. 1833-இல் பிரான்சின் பயேனும் பெர்சோவும் முளைகட்டிய தானியத்திலிருந்து மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸைப் பிரித்தெடுத்தனர். 1870களின் பிற்பகுதியில் ஜெர்மானிய உடலியலாளர் கூனே, ‘புளித்த மாவுக்குள் இருப்பது’ என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களைக்கொண்டு ‘என்சைம்’ என்ற பெயரை ஆக்கினார். தமிழ்க் கலைச்சொல்லாளர்களும் நொதித்தல் என்ற வினையிலிருந்தே நொதி என்ற பெயரைப் பெற்றார்கள். இரு மொழிகளும் புளிப்பிலிருந்தே தொடங்கின. ஆனால் நொதித்தலுக்கு உயிருள்ள உயிரணு கட்டாயமா என்ற வினா நீடித்தது. 1897-இல் எதுவர்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரணு இல்லாத அச்சாறே சர்க்கரையை நொதிக்கவைப்பதைக் காட்டினார். அதற்காக 1907-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இக்கண்டுபிடிப்பு, நொதியை உயிரிலிருந்து பிரித்து ஒரு சரக்காகக் கையாளலாம் என்ற எண்ணத்துக்கு அறிவியல் அடித்தளம் தந்தது. தொழில் அதற்குச் சற்று முன்பே புறப்பட்டுவிட்டது. ஜப்பானியரான ஜோகிச்சி தகமினே கோஜிப் பூஞ்சையைத் தவிட்டில் வளர்த்து எடுத்த நொதிக்கு 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார். 1907-இல் ஓட்டோ ரோம், தோல் பதனிடுவதில் நாய்ச்சாணத்துக்கு மாற்றாக விலங்குக் கணையத்தின் நொதிகளைக் கொண்டுவந்தார். பிறகு பாக்டீரியாவின் அமைலேஸ் துணியிலுள்ள கஞ்சியை நீக்கவும், பூஞ்சையின் பெக்டினேஸ் பழச்சாற்றைத் தெளியவைக்கவும் பயன்பட்டன. உப்பங்கழியில் மட்டையைப் பிரித்த அதே வகை நொதி, ஆலையில் பழச்சாற்றின் கலங்கலை நீக்கியது.

இக்காலவரிசையை அந்தமானின் காலவரிசையோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். தென்னை அந்தமானின் பூர்வீக மரமன்று. நிக்கோபாரில் அது உணவாகவும் வணிகத்தில் நாணயமாகவும் இருந்தது. அந்தமானிலோ 1858-இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்துக்குப் பிறகே தோப்புகள் எழுந்தன. செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1896 முதல் 1906 வரை நடந்தது. பூக்னர் ஈஸ்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது போர்ட் பிளேரில் அச்சிறையின் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ரோமின் தொழிற்சாலை நிலைபெற்றுவந்த ஆண்டுகளில் பாரீந்திரரின் கையில் மரச்சுத்தியல் இருந்தது.

ஆகவே மட்டை அடித்தலை அறியாமையின் விளைவு என்று கொள்ள முடியாது. வேறு வழி அருகிலேயே இருந்தது. மேற்குக் கரை பல நூற்றாண்டுகளாக மட்டையை ஊறவைத்தே நாரெடுத்துவந்தது. சிறையைப் பொறுத்தவரை வேலையின் கடுமை ஒரு குறைபாடன்று, அதுவே நோக்கம். இங்கிலாந்தின் சிறைகளில் பழைய கப்பற்கயிற்றை விரல்களால் பிரிக்கவைத்த தண்டனையின் இந்திய வடிவம் இது. அங்கு நார் வருமானமாகவும் உழைப்பு தண்டனையாகவும் ஒருங்கே கணக்கிடப்பட்டன. காலம் செய்ய வேண்டிய வேலையை உடல் செய்தால்தான் அக்கணக்கு நேராகும்.

வினையூக்கியின் இலக்கணத்தை மாணவர்கள் முதல் பாடத்திலேயே கற்கிறார்கள்: அது வினையின் கிளர்வு ஆற்றலைக் குறைக்கும், வினை முடிந்தபின் தான் மாறாமல் எஞ்சும். செல்லுலார் சிறையில் அந்த ஆற்றல் தடையைக் கடக்க உடல் வலிமை செலவிடப்பட்டது. அதைச் செலவிட்டவர்கள் மாறாமல் எஞ்சவில்லை.

அதற்காக, நொதி வேலை செய்த இடங்களில் உழைப்பு இலகுவாக இருந்தது என்று முடிவுகட்டுவதும் பிழை. கேரளக் காயல்களில் மட்டை அழுகியபோது வெளிப்பட்ட பீனால்களும் ஹைட்ரஜன் சல்பைடும் நீரில் உயிர்வளியைக் குறைத்து மீன்வளத்தைக் கெடுத்தன. நாற்றமெடுத்த நீரில் இறங்கி மட்டைகளை அள்ளியவர்களும், ஊறிய மட்டையைக் கட்டையால் அடித்து நாரெடுத்த பெண்களும் மிகக் குறைந்த கூலிக்கே உழைத்தார்கள். நொதி பிணைப்பை நெகிழ்த்தியது. கடைசி அடியை அப்பெண்களே அடித்தார்கள். 1970களில் மட்டை அடிக்கும் இயந்திரங்களுக்குக் கேரள அரசு கட்டுப்பாடு விதித்தபோது காக்க முனைந்தது இந்தக் கூலியைத்தான். உழைப்பைக் குறைக்கும் கருவி ஊதியத்தையும் சேர்த்துக் குறைக்கக்கூடும் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று.

அழுகலை ஆளும் முயற்சி பின்னர் திட்டமிட்ட ஆய்வாயிற்று. ஆலப்புழைக்கு அருகே கலவூரில் 1959-இல் அமைந்த மத்திய கயிறு ஆராய்ச்சி நிறுவனம், ஊறலில் பங்கேற்கும் பாக்டீரியாக்களைத் தெரிந்தெடுத்துக் ‘காயர்ரெட்’ என்ற கலவையை உருவாக்கியது. பத்து மாத அளவிலான ஊறல்காலம் மூன்று மாத அளவுக்குச் சுருங்கியது. காயலைவிட்டு மூடிய தொட்டியிலும் ஊறலை நடத்தலாம் என்ற வழியும் இத்தகைய ஆய்வுகளால் திறந்தது. இங்கே வினையூக்கி புதிதன்று. காயலில் தற்செயலாகக் கூடிய நுண்ணுயிர்க் கூட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டமாக மாறியது.

தமிழ்நாட்டில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. பொள்ளாச்சிப் பகுதியின் ஆலைகள் இயந்திரத்தால் நாரைப் பிரித்தன. பிரித்தபின் நார்க்கழிவு மலைபோல் குவிந்தது. லிக்னின் மிகுந்த அக்கழிவு எளிதில் மட்காது. 1980களில் கோயம்புத்தூரின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிப்பிக் காளான் இனமான புளூரோட்டஸ் சஜோர் காஜுவை அதில் வளர்த்தார்கள். அப்பூஞ்சையின் லாக்கேஸ் முதலிய நொதிகள் லிக்னினைச் சிதைத்தன. கரிமம்–நைட்ரஜன் விகிதம் ஏறத்தாழ 112:1 என்ற நிலையிலிருந்து 24:1 என்ற நிலைக்கு இறங்கியது. பயிருக்கு ஒவ்வாத குப்பை எருவாயிற்று. நாரைக் காத்துநின்ற லிக்னினையும் ஒரு நுண்ணுயிரால் அவிழ்க்க முடிந்தது.

இன்று ஆய்வாளர்களின் பார்வை அந்தமானுக்கே திரும்பியிருக்கிறது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர்மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் சுற்றுப்புறக் கடற்படிவுகளிலிருந்தும் தீவுகளின் அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்தும் ஆக்டினோபாக்டீரியாக்களைப் பிரித்து, அவை சுரக்கும் அமைலேஸ், செல்லுலேஸ், புரோட்டியேஸ் நொதிகளைச் சோதிக்கும் ஆய்வுகள் தொடர்கின்றன. விழுந்த இலையும் மரமும் உப்புநீரில் இடையறாது சிதையும் இடம் அலையாத்திக் காடு. உப்பைத் தாங்கி இயங்கும் நொதிகளைத் தேடுபவர்களுக்கு அது இயல்பான களம். தொழிற்சாலைக்கு அத்தகைய நொதியின் பயன் வெளிப்படை: மிதமான வெப்பம், குறைந்த அமிலமும் காரமும், குறைவான கழிவு.

இத்தேடலில் பழைய கணக்கு மறக்கப்படக்கூடாது. ஒரு நுண்ணுயிர் எடுக்கப்பட்ட சேறு யாருடைய கரை, அதிலிருந்து பிறக்கும் பயனில் அக்கரையினருக்குப் பங்கு என்ன என்ற கேள்விகளுக்கு 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்முகத்தன்மைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் சட்டம் கேட்காத கேள்வி ஒன்று எஞ்சுகிறது: இந்த நொதி வருவதற்கு முன்பு இவ்வேலையை யார் செய்தார்கள்? நொதித்தொழிலின் பாடநூல்கள் வினைவேகத்தையும் விளைச்சலையும் அட்டவணையிடுகின்றன. இக்கேள்விக்கு அவற்றில் பத்தி இல்லை. பதில் ஓரிடத்தில் காயலாக இருக்கும். ஓரிடத்தில் கூலிப் பெண்ணாக இருக்கும். ஓரிடத்தில் கைதியாக இருக்கும்.

செல்லுலார் சிறை 1979-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கு செல்பவர்கள் கைதிகள் மாடுகளைப் போல இழுத்த செக்கின் முன் நின்று பார்க்கிறார்கள். மட்டை அடித்தல் அந்த அளவுக்கு நினைவில் நிற்பதில்லை. பெக்டினேஸைப் பற்றிக் கற்கும் மாணவர், அந்நொதி ஒரு மட்டையைப் பிரிக்க எத்தனை மாதம் எடுக்கிறது என்று படிக்கும்போது, அதே வேலை இருபது மட்டைக்கு ஒரு பகல் என்று விதிக்கப்பட்ட இடம் ஒன்று இருந்ததையும் சேர்த்துப் படிக்கலாம். நொதியின் மதிப்பை அதைவிடத் துல்லியமாகக் காட்டும் அளவுகோல் கிடைப்பது அரிது.