ஒரு ராத்தல் தானியம்: அரசின் சிக்கனம் யார் வயிற்றில் தொடங்குகிறது?



அரசு செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வீட்டு வரவுசெலவைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். வரவுக்கு மேல் செலவு செய்தால் குடும்பம் கடனில் மூழ்கும், அரசும் அப்படித்தான் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் அரிசி குறைந்தால் அம்மா முதலில் தன் சோற்றைத்தான் குறைத்துக்கொள்வார். அரசு யாருடைய சோற்றைக் குறைத்தது? தாது வருஷப் பஞ்சத்தின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

1876இல் மழை பொய்த்துத் தொடங்கிய அந்தப் பஞ்சம் சென்னை மாகாணத்தை 1878 வரை வாட்டியது. அதற்குச் சற்று முன்புதான், 1873-74இல், பீகாரில் பஞ்சம் வந்திருந்தது. அங்கே பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களுக்குக் கொடுத்தார்கள். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அந்த நிவாரணத்தை முன்னின்று நடத்தியவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். அவருக்குக் கிடைத்ததோ வீண்செலவுக்காரர் என்ற பழி. பிழைத்த உயிர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, செலவான பணத்தைத்தான் எடுத்தார்கள்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த முறை அவருக்கு இடப்பட்ட பணி, செலவைக் கட்டுப்படுத்துவது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். உழைக்கும் உடல் இதைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் பஞ்சம் முடிந்தபோது பிரிட்டிஷ் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்திருந்தனர் என்பது 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனின் மதிப்பீடு.

அந்த ஒரு ராத்தலுக்காக வரிசையில் நின்றவர்கள் யார்? நிலம் வைத்திருந்தவர் மாட்டை விற்றார், நகையை விற்றார். விற்க ஒன்றுமில்லாத பண்ணையாட்களும் உழவுக்கூலிகளும்தான் முதலில் வீழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் முன்னோர். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

கஜானா காலியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியா இந்தியாவின் பேரரசி ஆனதைக் கொண்டாட டெல்லியில் தர்பார் நடந்தது. 1878இல் ஆப்கன் போருக்குப் பணம் இருந்தது. இனி வரும் பஞ்சங்களுக்கென்று புது வரி போட்டு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். போர்ச்செலவு வந்ததும் அந்த ஒதுக்கீட்டை நிறுத்தினார்கள், வரியை நிறுத்தவில்லை.

பஞ்சம் காட்டிக்கொடுத்த உண்மை நிலமின்மை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த பஞ்சமி நில அரசாணையும் இந்த உண்மையைத்தான் பேசின.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2001இல் தமிழக அரசு நிதி நெருக்கடி என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஆசிரியர், மருத்துவர், காவலர் போன்ற சில பணிகள் நீங்கலாகப் புதிய பணி நியமனங்களுக்குத் தடை வந்தது. 2006 வரை அது நீடித்தது. 18 சதவீத இடஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் ஆள் எடுக்காத அலுவலகத்தில் 18 சதவீதம் என்பது பூஜ்யத்தில் 18 சதவீதம். படித்து முடித்த முதல் தலைமுறை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வயது வரம்பைக் கடந்தது.

துப்புரவுப் பணியில் இன்னொரு வழி. 2000இல் சென்னையின் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி தனியாரிடம் போனது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்து கேட்டதும் இதைத்தான்: எங்களைத் தனியாரிடம் தள்ளாதீர்கள், நிரந்தரமாக்குங்கள். குப்பை குறையவில்லை, அள்ளும் கைகளும் மாறவில்லை. மிச்சமானது அந்தக் கைகளுக்கு உரிய ஊதியமும் ஓய்வூதியமும்தான்.

கடன் பொய் என்று நான் சொல்லவில்லை. வட்டிக்குப் போகும் பணம் பள்ளிக்கூடத்துக்கு வராது. ஊழலும் வீண்செலவும் நமக்குத்தான் முதல் எதிரி. எனவே சிக்கனமே கூடாது என்பது நம் வாதமல்ல. அரசு போடும் பணம் என்ன செய்யும் என்று நல்லூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் அப்படித்தான் வளர்ந்தது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் மானியக் கோரிக்கையை எடுத்துப் படியுங்கள். ஒதுக்கியது எவ்வளவு, திருத்திய மதிப்பீடு எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்று மூன்றையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஒதுக்கிவிட்டுச் செலவழிக்காமல் விடுவதும் ஒரு வெட்டுதான், அதற்கு அரசாணைகூட வேண்டியதில்லை. விடுதிச் சோறும் உதவித்தொகையும் அங்கேதான் காணாமல் போகின்றன. அன்று ஒரு ராத்தல் போதாது என்று எழுத ஒரு கார்னிஷ் வேண்டியிருந்தது. இன்று அந்தக் கணக்கை நாமே எழுத முடியும், எழுத வேண்டும்.

ஜெய் பீம்.