கோழிக்கு ஏது பால்?

நாமக்கல் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: கோழி அடையில் உட்கார்ந்துவிட்டால் முட்டை நின்றுவிடும். முட்டை வேண்டுமென்றால் அதைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். பண்ணைக் கூண்டிலிருக்கும் லெகார்ன் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அடைகாக்கும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். கோழியை அடையில் உட்காரவைக்கும் ஹார்மோனின் பெயர் புரோலாக்டின். லத்தீனில் 'லாக்' என்றால் பால். பாலுக்கானது என்று பொருள். கோழிக்கு ஏது பால்?

1928இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஸ்ட்ரிக்கரும் குரூட்டரும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்ற, முயலுக்குப் பால் சுரந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆஸ்கர் ரிடில் புறாவை எடுத்துக்கொண்டார். புறாவின் தீனிப்பையில் ஊறும் வெண்கூழையும் பால் கணக்கிலேயே சேர்த்தார், அவர் வைத்த புரோலாக்டின் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1935இல் அவர் குழுவே அந்த ஹார்மோனைக் கோழிக்குச் செலுத்தி அடையில் உட்காரவைத்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

அது சுரக்கும் இடமான பிட்யூட்டரியின் பெயர் இன்னும் பழைய பிழை. 'பிட்யூட்டா' என்றால் சளி. மூளையின் சளி மூக்குக்கு இறங்கும் வழி என்று நம்பிய காலம் அது. 1543இல் வெசாலியஸும் அப்படியே எழுதினார். இலங்கைத் தமிழர் 'கபச்சுரப்பி' என்று நேர்மையாகப் பெயர்த்தார்கள், பிழையும் சேர்ந்தே வந்தது. எனக்குப் பிடித்தது 'மூளையடிச் சுரப்பி'. செய்யும் வேலையைப் பற்றி வாயே திறக்காது.

அங்கே வந்து புரோலாக்டினை அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டி புரோலாக்டினோமா. பெரும்பாலும் புற்றல்ல. விடலைப் பருவத்தில், ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டிகளில் இதுவே அதிகம். பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு வராது, அல்லது வந்து நின்றுபோகும். அடைக்கோழிக்கு முட்டை நிற்பது போலத்தான். சிலருக்குப் பால் கசியும். பையனுக்குப் பால் கசிவது அரிது. தலைவலி, பக்கப் பார்வை மங்கல், உடையாத குரல், அரும்பாத மீசை. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் வளர்ந்தாரு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பையன்களுக்குக் கண்டுபிடிக்கும்போது கட்டி பெரும்பாலும் பெரிதாகவே இருக்கிறது. பால் ஹார்மோன் என்ற பெயரைக் கேட்டு, இவனுக்கு எப்படி என்று முழிக்கும் அப்பனைக் குற்றம் சொல்ல முடியாது.

ரிடில் நாமக்கல்லில் பிறந்திருந்தால் 'அடைநீர்' என்று வைத்திருப்பார். பெண்ணுக்கும் பையனுக்கும் கோழிக்கும் பொருந்தியிருக்கும். கட்டி என்றதும் கத்தி என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரைதான் முதல் வைத்தியம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை விழுங்குவது. கோழியைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற அதே வேலை.