கறுப்பு மைல்கல்லிலிருந்து மரப்படி வரை: ஓவேர்ன் எரிமலைப் பாதைகளின் கதை

1751ஆம் ஆண்டு. பாரீசிலிருந்து தெற்கு நோக்கிப் பயணம் போன இரண்டு நண்பர்கள் மூலேன் என்ற ஊரில் ஒரு மைல்கல் முன்னால் நின்றுவிட்டார்கள். ஒருவர் ழான் எத்தியென் கெத்தார். செடிகொடிகளிலும் கனிமங்களிலும் ஊறிய அறிஞர். மற்றவர் மால்ஸெர்ப், பின்னாளில் பிரெஞ்சு அரசரின் அமைச்சராக இருந்தவர். மைல்கல் கறுப்பாக இருந்தது. வெசுவியஸ் எரிமலையிலிருந்து வந்த கற்களைக் கெத்தார் ஏற்கெனவே பார்த்திருந்தார். எரிமலையே இல்லாத பிரான்சில் அதே ஜாதிக் கல் எப்படி வந்தது? விசாரித்தார். வோல்விக் என்ற ஊரில் வெட்டுகிறார்கள் என்று பதில் வந்தது. இருவரும் அங்கே போனார்கள். கல் வெட்டும் குழிகளைப் பார்த்தார்கள், பக்கத்துக் குன்றுகளில் ஏறினார்கள். உச்சியில் கிண்ணம்போல் குழிந்த வாய், சரிவில் வெந்து சிவந்த கல், அடிவாரத்தில் உறைந்து கிடக்கும் குழம்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மறு ஆண்டு கெத்தார் பாரீஸ் அறிவியல் கழகத்தில் தன் கட்டுரையை வாசித்தார். பிரான்சின் நடுவே ஓவேர்ன் பகுதியில் இருப்பவை அணைந்துபோன எரிமலைகள் என்பதுதான் செய்தி.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த மலைகளின் மடியில் மனிதர்கள் வாழ ஆரம்பித்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருந்தன. உச்சியில் கோயில் கட்டினார்கள், சரிவில் ஆடு மேய்த்தார்கள், கல்லை வெட்டிப் பேராலயம் எழுப்பினார்கள். காலுக்குக் கீழே இருப்பது எரிமலை என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இன்று குழந்தைகளும் பாட்டிகளும் ஏறி இறங்கும் ஓவேர்ன் பாதைகள் சுற்றுலாவுக்காக யாரோ ஒருநாள் போட்டவை அல்ல. பக்தியும் வியாபாரமும் மேய்ச்சலும் விஞ்ஞானமும் மாறி மாறி மிதித்துத் தந்தவை.

கிளெர்மோன் ஃபெரான் நகரத்துக்கு மேற்கே, வடக்குத் தெற்காக வரிசை கட்டி நிற்கின்றன ஏறத்தாழ 80 எரிமலைகள். ஷேன் தே புய் என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் அறுவடைக் களத்தில் வரிசையாகக் குவித்துவைத்த நெல் அம்பாரங்கள் மாதிரி இருக்கும். நடுவில் எல்லாவற்றையும்விட ஓங்கி நிற்பது புய் த தோம். உயரம் 1,465 மீட்டர்.

இந்த மலைகளில் ஏறுவது ஏன் சுலபம்? காரணம் அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. எட்னா போன்ற எரிமலை ஒரே இடத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கக்கி மூவாயிரம் மீட்டருக்கு மேல் வளர்ந்தது. ஓவேர்னில் நடந்தது வேறு. நிலத்தடிக் குழம்பு ஒவ்வொரு தடவையும் புது வழி பிடித்து வெளியே வந்தது. ஒரு வாய் ஒருமுறை சீறும். பிறகு நிரந்தரமாக அடங்கிவிடும். அடுத்த சீற்றம் கொஞ்சம் தள்ளி வேறொரு இடத்தில். ஆகவே பெரிய மலை உருவாகவில்லை. சின்னச் சின்னக் கூம்புகள் நிறைய உருவாயின. அவை உட்கார்ந்திருக்கும் பீடபூமியே ஆயிரம் மீட்டர் அளவு உயரம் என்பதால், வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறவருக்கு மிஞ்சுவது இருநூறு, முந்நூறு மீட்டர் ஏற்றம்தான். புய் த தோம் உருவாகி ஏறத்தாழ 11,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மழையும் பனியும் கரைக்க நேரம் போதவில்லை. அதனால்தான் கூம்புகள் இன்னும் கூம்புகளாகவே இருக்கின்றன.

இங்கே பழைய பாதை என்றால் கோவேறு கழுதைக்காரர்களின் பாதை. செசா கணவாயில் தொடங்கிப் புய் த தோமின் தெற்குச் சரிவில் வளைந்து வளைந்து ஏறுகிறது. ரோமானியர் காலத்தில் லியோனிலிருந்து மேற்குக் கடற்கரைப் பக்கமுள்ள சாந்த் நகரத்துக்குப் போன நெடுஞ்சாலை இந்தக் கணவாயைத் தாண்டித்தான் போனது. கணவாயிலேயே ஒரு சிற்றூரும் இருந்தது. அங்கே தங்கிய வணிகர்களும் யாத்திரிகர்களும் மலைமேல் ஏறியது மெர்க்குரி தெய்வத்தைக் கும்பிட. வியாபாரத்துக்கும் வழிப்போக்கருக்கும் காவல் அவர்தான். உச்சியில் 2ஆம் நூற்றாண்டில் எழுந்த அவருடைய கோயில் ரோமானிய உலகின் பெரிய மலைக்கோயில்களில் ஒன்று. சுவருக்குப் பக்கத்து எரிமலைக் கல், அலங்காரத்துக்குத் தொலைவிலிருந்து வந்த சலவைக்கல். அத்தனையும் சரிவில் சுமந்து ஏற்றப்பட்டவைதான். பாரம் சுமந்த விலங்கு ஏற வேண்டுமென்றால் சரிவு மிதமாக இருக்க வேண்டும். வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும். நடப்பவர் இன்று அனுபவிக்கும் சௌகரியத்தின் ஆணிவேர் அதுதான்.

கோயில் அழிந்தது, மண் மூடியது. பிறகு உச்சியில் ஒரு சின்னக் கிறிஸ்தவச் சிற்றாலயம் வந்தது. அந்தச் சிற்றாலயம் விஞ்ஞான வரலாற்றில் இடம்பிடித்தது 1648இல்.

கிளெர்மோனில் பிறந்த பிளெய்ஸ் பஸ்காலுக்கு ஒரு கேள்வி. கண்ணாடிக் குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிறுத்துவது காற்றின் எடைதான் என்றால், மலை உச்சியில் காற்று குறைவு. அங்கே பாதரசம் இறங்க வேண்டுமே? பாரீசில் இருந்த அவர், ஊரில் இருந்த தன் அக்காள் கணவர் ஃப்ளோரேன் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். மலையில் மேகம் விலக வேண்டும், பெரியேவுக்கும் அலுவல் ஒழிய வேண்டும். ஏறத்தாழ பத்து மாதம் ஓடிவிட்டது. 1648 செப்டம்பர் 19 விடியற்காலையில் சிகரம் கண்ணுக்குத் தெரிந்தது. துறவியர், நீதிமன்ற அதிகாரிகள், மருத்துவர் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலரைப் பெரியே கூட்டிக்கொண்டார். நகரின் மடத்துத் தோட்டத்தில் முதல் அளவு: பாதரசம் 26 அங்குலம் மூன்றரை வரி உயரத்தில் நின்றது. அது பழைய பிரெஞ்சு அங்குலம். 12 வரி ஓர் அங்குலம். ஒரு குழாயை அங்கேயே வைத்து, நாள் முழுக்கக் கண் எடுக்காமல் பார்க்கும்படி ஒரு துறவியிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் மலை ஏறினார்கள்.

உச்சியில் 23 அங்குலம் 2 வரி. மூன்று அங்குலத்துக்கும் மேல், அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. கண்ணை நம்ப முடியாமல் பெரியே திரும்பத் திரும்ப அளந்தார். சிற்றாலயத்துக்குள், வெட்டவெளியில், காற்று வீசும் பக்கம், மூடுபனிக்கு நடுவில் என்று எங்கே வைத்தாலும் அளவு மாறவில்லை. இறங்கி வந்தபோது தோட்டத்துக் குழாய் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. காற்றுக்கு எடை உண்டு என்பது நடந்தே நிரூபணமான நாள் அது. மறுநாள் கிளெர்மோன் பேராலயக் கோபுரத்தின் மேலும் கீழும் அளந்து பார்த்தார்; அங்கும் சின்ன வித்தியாசம் தெரிந்தது. இன்று வானிலை அறிக்கையில் வரும் ஹெக்டோபாஸ்கல் அளவு பஸ்காலின் பெயரில் வந்ததுதான்.

அந்தப் பேராலயமும் எரிமலைக் கல்தான். 1248இல் கட்டத் தொடங்கிய அது, வோல்விக் கல்லால் கரேலென்று நிற்கிறது. லா நுழேர் என்ற எரிமலையின் குழம்பு உறைந்து கிடைத்த கல். உறுதியானது, ஆனால் நுண்துளைகள் இருப்பதால் உளிக்கு வளைந்து கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோல்விக்கோடு உறவுள்ள ஷப்ரோல் பாரீசின் நிர்வாகத் தலைவரானபோது, தலைநகரின் நடைபாதைகளுக்கும் இந்தக் கல் போனது. பிறகு கல்லின்மேல் எனாமல் பூசிச் சுடும் தொழில் வளர்ந்தது. மழைக்கும் வெயிலுக்கும் நிறம் மங்காது என்பதால் மிஷெலின் டயர் நிறுவனம் சாலை வழிகாட்டிப் பலகைகளை எனாமல் பூசிய எரிமலைக் கல்லில் செய்து பிரான்ஸ் முழுக்க நட்டது. எந்தச் சிகரம் எந்தத் திசையில் என்று காட்டும் வட்டக் கல்மேசைகள் பலவும் அப்படிச் செய்தவையே.

கெத்தார் கதைக்குத் திரும்பலாம். எரிமலையைக் கண்டுபிடித்த அவரே, அறுகோணத் தூண்களாக நிற்கும் பசால்ட் பாறை நீரில் படிந்து உண்டானது என்று பிடிவாதமாகச் சொன்னார். அதை மறுத்தவர் நிக்கோலா தெமாரே. 1763இல் புய் த தோமுக்கு ஏறும் வழியில், ப்ருதெல் மேட்டில் அந்தத் தூண்களைப் பார்த்தார். பின்தொடர்ந்து நடந்தார், அவை எரிமலைக் குழம்பு ஓடிய தடத்தோடு சேர்ந்தன. ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு ஓட்டத்தையும் படமாக வரைந்தார். நீரா நெருப்பா என்று ஐரோப்பிய அறிஞர்கள் பல்லாண்டுக் காலம் அடித்துக்கொண்டபோது தெமாரே வாதத்துக்குப் போகவில்லை. “போய்ப் பாருங்கள்” என்பதே அவர் பதிலாக இருந்தது என்பார்கள். போய்ப் பார்த்தவர்களின் வரிசையில் ஜெர்மானியர் ஃபான் புக், ஆங்கிலேயர் ஸ்க்ரோப், 1828இல் வந்த சார்ல்ஸ் லயெல் என்று பெரிய பெயர்கள் உண்டு. புவியியல் வளர்ந்ததில் பாதி கால்நடையாகத்தான்.

அவர்கள் பார்த்த மலைகள் மொட்டையாக இருந்தன. புல்லும் புதரும்தான், ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். எரிமலைகளைப் பற்றி நூல் எழுதிய மோன்லோசியே பிரபு, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் நாடு திரும்பி ரான்தானில் குடியேறி, தரிசில் மரம் நட்டார். இன்று பல கூம்புகளைக் காடு மூடிவிட்டது. எரிமலை வடிவம் கண்ணில் படவேண்டும் என்பதற்காக மீண்டும் செம்மறி மந்தைகளைச் சரிவில் விடுகிறார்கள். ஆட்டுக்கும் தீனி, பார்ப்பவருக்கும் காட்சி.

1870களில் எமில் அலுவார் என்ற இயற்பியல் பேராசிரியர் புய் த தோம் உச்சியில் வானிலை ஆய்வகம் அமைத்தார். அஸ்திவாரம் தோண்டியபோதுதான் மண்ணுக்குள் இருந்த மெர்க்குரி கோயில் வெளியே வந்தது. அந்த ஆய்வகத்தின் தலைவராக இருந்த பெர்னார் ப்ரூன்ஹ், 1906இல் பக்கத்துக் கான்தால் பகுதியில் எரிமலைக் குழம்பு சுட்ட களிமண்ணை ஆராய்ந்து, ஒரு காலத்தில் பூமியின் காந்தப்புலம் தலைகீழாக இருந்தது என்று காட்டினார்.

அடுத்து வந்தது நடக்காமலே உச்சிக்குப் போகும் காலம். 1907இல் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் நீராவி டிராம் ஓடியது. 1926இல் அதே தடம் கட்டணக் கார்ச்சாலை ஆனது. நடுவில் மிஷெலின் சகோதரர்கள் ஒரு பந்தயம் வைத்தார்கள்: பாரீசிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பறந்து, ஒரு பயணியோடு இந்த உச்சியில் இறங்கினால் ஒரு லட்சம் ஃப்ராங்க். 1911 மார்ச் 7 அன்று எழேன் ரெனோ 5 மணி 11 நிமிடத்தில் இறங்கிக் காட்டினார். 1952 முதல் டூர் த பிரான்ஸ் சைக்கிள் வீரர்களும் அந்தச் சாலையில் மூச்சு வாங்கினார்கள். 1964இல் ஆன்கெத்திலும் பூலிதோரும் தோளோடு தோள் உரசி ஏறிய புகைப்படம் பிரெஞ்சுக்காரர் பலருக்கு மனப்பாடம். 2012இல் சாலையோரமாக மறுபடி தண்டவாளம் வந்தது. இப்போது பல்சக்கர மின்ரயில் கால் மணி நேரத்தில் உச்சியில் விட்டுவிடுகிறது.

இவ்வளவு வசதி வந்த பிறகும் நடப்பவர் கூட்டம் குறையவில்லை, கூடியது. 1977இல் ஓவேர்ன் எரிமலைகள் வட்டார இயற்கைப் பூங்கா அமைந்தது. சிவப்பு-வெள்ளைக் குறியிட்ட நெடும்பாதைகள் கூம்புகளை இணைத்தன. 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. கூட்டம் கூடியதோடு தலைவலியும் தொடங்கியது. புய் த தோமுக்கு வடக்கே உள்ள பரியூ எரிமலையில் அதை நேராகப் பார்க்கலாம். கச்சிதமான வட்ட வாய், உள்ளே பச்சைப் புல். மேலே இருப்பது மெல்லிய புல்வேர்ப் படலம். கீழே இறுகாத எரிமலைச் சரளை. ஒருவர் குறுக்கே ஏறினால் புல் கிழியும், அடுத்தவர் அதே தடத்தில் கால்வைப்பார், மழை வந்தால் சரளை சரிந்து ஓடை விழும். எரிமலைக்கு நெருப்பு செய்யாததைச் செருப்பு செய்தது. வேறு வழியில்லாமல் மரப்படிகள் போட்டார்கள், குறுக்குத் தடங்களை அடைத்தார்கள், கிழிந்த இடத்தில் மறுபடி புல் வளர்த்தார்கள்.

படி ஏறுவது மலையேற்றமா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் கோவேறு கழுதைக்காகச் சரிவைத் தணித்த ரோமானியர் காலத்திலிருந்தே இந்த மலைக்குச் செயற்கைப் பாதை புதிதல்ல. பாதை சுலபமாக இருந்தால்தான் கால்கள் பாதையிலேயே நிற்கும். பாதையில் நின்றால்தான் கூம்பு மிஞ்சும்.

போக நினைப்பவருக்கு ஒரு யோசனை. புய் த தோம் கூட்டத்துக்குப் பயந்தால் தெற்கே மோன்லோசியே மாளிகைக்குப் போகலாம். பூங்கா அலுவலகம் அங்கேதான். அங்கிருந்து லாசோலா, வாஷ் என்ற இரட்டை எரிமலைகளைச் சுற்றிவர அரை நாள் போதும். இரண்டுக்கும் ஒரு பக்கச் சுவர் உடைந்திருக்கும். குழம்பு வெளியேறிய வாசல் அது. உள்ளே நின்றால் செந்நிறச் சுவர் தலைக்கு மேல் எழும். அங்கிருந்து ஓடிய குழம்புதான் கீழே வேர் ஆற்றை மறித்து எய்தா ஏரியை உண்டாக்கியது. மலைமேல் திடீரென்று மூடுபனி இறங்கும் என்பதால் கோடையிலும் ஒரு கம்பளிச் சட்டை பையில் இருக்கட்டும். திரும்பும்போது சிவப்புக் கல் ஒன்றையும் அந்தப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.