அரசன் படிக்கக் கூடாத புத்தகம்

1404ஆம் ஆண்டின் தொடக்கம். கொரியாவின் ஜோசொன் அரசன் தேஜோங் வேட்டைக்குப் போயிருந்தான். மானைத் துரத்தி அம்பு விடும்போது குதிரை இடறி, அரசன் கீழே விழுந்தான். அடி ஒன்றும் படவில்லை. எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தவன், இது வரலாற்று எழுத்தருக்குத் தெரியக் கூடாது என்று உத்தரவிட்டான்.

அறுநூறு ஆண்டுகள் கழித்து இது நமக்கு எப்படித் தெரிந்தது? எழுத்தர் எழுதிவிட்டார். விழுந்ததையும் எழுதினார், மறைக்கச் சொன்னதையும் எழுதினார்.

கொரிய அரச நாடகம் பார்க்கிறவர்கள் இந்த எழுத்தரைக் கண்டிருப்பார்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டார்கள். ராஜா கோபத்தில் கத்துவான். மந்திரிகள் நெற்றி தரையில் பட விழுந்து கிடப்பார்கள். அந்த அமளிக்கு நடுவே குட்டை மேசைக்கு முன்னால் இரண்டு பேர் தலை நிமிராமல் தூரிகையால் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வசனம் கிடையாது. ஆனால் பிற்காலத்துத் திரைக்கதை ஆசிரியர்களுக்குக் கதை எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் குறித்து வைத்தவை திரண்டு ‘ஜோசொன் வாங்ஜோ சில்லொக்’ என்ற நூலாயின. சில்லொக் என்றால் உண்மைப் பதிவு. 1392 முதல் 1863 வரை 472 ஆண்டுகள், 25 அரசர்கள், 1,893 பாகங்கள், 888 ஏடுகள். ஒரு மனிதனின் கதையைப் போலவே சொல்லத்தக்கது அந்த நூலின் கதை.

அது பிறந்த விதமே விசித்திரமானது. இந்த வேலைக்கென்றே எட்டு இளம் அதிகாரிகள் இருந்தார்கள். பதவியில் மிகச் சிறியவர்கள். ஆனால் அவர்கள் இல்லாமல் அரசன் ஓர் அமைச்சரைத் தனியாகச் சந்திப்பதுகூட முறையல்ல. கண்டதையும் கேட்டதையும் அன்றன்றைக்குக் குறிப்பார்கள். வீட்டுக்குப் போய், யார் நல்லவர் யார் கெட்டவர் என்ற தங்கள் கருத்தையும் சேர்த்து இன்னொரு குறிப்பு எழுதி ஒளித்து வைப்பார்கள். மின் இன்செங் என்ற எழுத்தர் இதே தேஜோங்கைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல. முகத்தை மறைத்துக்கொண்டு வேட்டைக்குப் பின்னாலேயே போனார், கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டார். 1401இல் நாடுகடத்தப்பட்டார். அவர் போனதும் அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்து உட்கார்ந்தார்.

அரசன் கண்ணை மூடிய பிறகுதான் நூல் உருவாகும். தனி அலுவலகம் ஒன்று திறப்பார்கள். எல்லாக் குறிப்புகளும் அங்கே வந்து சேரும். முதல் படி, திருத்திய படி, இறுதிப் படி என்று மூன்று முறை எழுதுவார்கள். முடிந்ததும் பழைய குறிப்புகளை எல்லாம் தலைநகரின் வடமேற்கு வாசலுக்கு வெளியே ஓடும் ஓடைக்கு எடுத்துப் போய்க் கழுவுவார்கள். மை கரைந்து நீரோடு போய்விடும், மிஞ்சிய தாள் பக்கத்திலிருந்த காகிதச் சாலைக்குப் போகும். யார் எதை எழுதினார் என்ற தடயம் இருக்காது. காகிதமும் வீணாகாது.

அப்படி உருவான நூலை ஆளும் அரசன் தொடக் கூடாது. கொரிய எழுத்துமுறையை உருவாக்கிய பேரரசன் செஜோங்குக்குக்கூட விலக்கு இல்லை. தன் தந்தையின் காலத்துப் பதிவைப் படிக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். தந்தை வேறு யாருமல்ல, குதிரையிலிருந்து விழுந்த தேஜோங்தான். அமைச்சர்கள் மறுத்தார்கள். நீங்கள் படித்தால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களும் படிப்பார்கள், அப்புறம் எழுதுகிறவன் கை நடுங்கும் என்பது அவர்கள் வாதம். செஜோங் விட்டுவிட்டான்.

எல்லோரும் செஜோங் அல்ல. 1498இல் யோன்சான்குன் என்ற அரசன் கிம் இல்சொன் என்ற எழுத்தரின் குறிப்புகளிலிருந்து பகுதிகளை வரவழைத்துப் பார்த்தான். தன் கொள்ளுத்தாத்தா அரியணையைப் பறித்த விதத்தைக் குத்திக்காட்டும் வரிகள் அதில் இருந்தன. கிம் இல்சொன் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து அறிஞர் பலர் செத்தார்கள், பலர் நாடுகடத்தப்பட்டார்கள். ஆனால் 1506இல் யோன்சான்குன் தூக்கியெறியப்பட்டபோது அவன் செய்ததெல்லாம் பதிவாயின. அந்த ஏட்டுக்குச் சில்லொக் என்ற மரியாதைகூடக் கிடைக்கவில்லை. பதவியிழந்த அரசனின் ஏடு வெறும் ‘நாட்குறிப்பு’ என்றே பெயர் பெற்றது.

அரசனிடம் தப்பிய நூல் அடுத்துப் போரிடம் மாட்டியது. நான்கு ஊர்களில் நான்கு படிகள் வைத்திருந்தார்கள். 1592இல் ஜப்பானியப் படை புசானில் இறங்கியதும் மூன்று படிகள் எரிந்துபோயின. தென்மேற்கே ஜொன்ஜுவில் ஒன்றுதான் மிச்சம். அதைக் காப்பாற்றியவர் தளபதி அல்லர். அன் உய், சொன் ஹொங்ரொக் என்ற இரண்டு வயதான படிப்பாளிகள். ஒருவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, மற்றவர் ஐம்பதைக் கடந்தவர். பெட்டி பெட்டியாக ஏடுகளை நெஜாங் மலைக்கு ஏற்றி, ஏறுவதற்கே சிரமமான துறவிக் குடில்களில் ஒளித்து வைத்து, ஓராண்டுக்கு மேல் காவல் இருந்தார்கள். இந்த இருவரும் இல்லையென்றால் அந்த முதல் இருநூறு ஆண்டுகள் இன்றைக்கு இருக்காது.

அதற்குப் பிறகு நாட்டுக்குப் புத்தி வந்தது. 1606க்குள் புதிதாக அச்சிட்டு, ஊரை நம்பாமல் மலைகளுக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுத்தர் ஒருவர் மலையேறிப் பெட்டியைத் திறந்து, ஏடுகளை வெயிலும் காற்றும் படக் காயவைத்து, பூச்சி அண்டாமல் இருக்க மூலிகைப் பொடி வைத்து மூட வேண்டும். அந்தப் பொடியில் ஒன்று வசம்பு இனத்தைச் சேர்ந்தது. நம் ஓலைச்சுவடிக்கு வைத்த அதே காவல்.

அந்த மலைகளில் ஒன்றான ஒதெ மலைக்குப் போனது சரியான பிரதிகூட அல்ல. செலவை மிச்சம் பிடிக்க, பிழை திருத்திய அச்சுத்தாள்களையே கட்டி அனுப்பியிருந்தார்கள். சிவப்பு மையில் திருத்தங்கள் அப்படியே இருக்கின்றன. இந்த ஏழைப் பிரதிக்குத்தான் மிகக் கொடிய விதி காத்திருந்தது. கொரியா ஜப்பானின் பிடியில் இருந்த 1913இல் அதை டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். பத்தே ஆண்டில், 1923 செப்டம்பர் 1 அன்று, கான்டோ நிலநடுக்கம். அதைத் தொடர்ந்த தீயில் நூலகம் எரிந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகளில் எழுபத்துச் சொச்சம்தான் தப்பின.

மற்ற மலைகளின் படிகள் பிழைத்தன. ஆனாலும் நூல் இன்னும் பூட்டியேதான் கிடந்தது. இந்த முறை பூட்டு மொழி. எல்லாம் பழைய சீன மொழியில் இருந்தன. கொரியர்களிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். தென்கொரியாவில் 1968இல் மொழிபெயர்ப்பு தொடங்கியது. முடிய 25 ஆண்டுகள் ஆயின. 413 நூல்கள் வந்தன. வடகொரியா தனியாக மொழிபெயர்த்துத் தனியாக வெளியிட்டது. நாடு பிரிந்தாலும் பாட்டன் நூலை இரண்டு வீடும் படித்தன. 1995இல் மொத்தமும் குறுந்தகட்டில் வந்தது. 2006 முதல் இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒரு பெயரைத் தட்டினால் ஐந்நூறு ஆண்டுகளில் அது எங்கெங்கே வருகிறதோ அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும்.

கொரியர்கள் ‘சாகுக்’ என்று சொல்லும் அரச வரலாற்று நாடகம் இங்கேதான் திசை திரும்பியது. அதுவரை பெரும்பாலும் ராஜா, ராணி, சதி, வாரிசுச் சண்டை. இப்போது ஏட்டின் ஓரத்தில் ஒற்றை வரியில் நின்றவர்கள் நடுமேடைக்கு வந்தார்கள்.

ஜாங் கும் அப்படி வந்தவள். 16ஆம் நூற்றாண்டில் ஜுங்ஜோங் அரசன் காலத்து மருத்துவப் பெண். ஏட்டில் அவள் பெயர் வருவது பத்து இடங்கள் அளவில்தான். 1515இல் ராணி பிரசவத்துக்குப் பின் இறந்தபோது, மருத்துவச்சியான இவளைத் தண்டிக்கச் சொன்னார்கள்; அரசன் மறுத்தான். 1524இல் மற்றவர்களைவிட இவள் தேர்ந்தவள் என்று சொல்லித் தனக்கு வைத்தியம் பார்க்க வைத்தான். 1544இல் சாகக் கிடந்தபோது, தன் நோய் அந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்றான். அவ்வளவுதான். எங்கே பிறந்தாள், யார் மகள், எப்போது செத்தாள், எதுவும் இல்லை. அவள் சமையலறையில் கால் வைத்ததாகக்கூட ஒரு வரி இல்லை.

அந்த வெற்றிடத்தில் கிம் யொங் ஹியொன் எழுதி, லீ பியொங் ஹூன் இயக்க, லீ யொங் ஏ நடித்த ‘தே ஜாங் கும்’ எழுந்தது. 2003 செப்டம்பரிலிருந்து 2004 மார்ச் வரை 54 பகுதிகள். உச்சத்தில் பார்வையாளரில் பாதிக்கு மேற்பட்டோர் அதைத்தான் பார்த்தார்கள். அரண்மனைச் சமையல், தோழி மேல் பாசம், வாய்விட்டுச் சொல்லாத காதல், எல்லாம் கற்பனை. ஆனால் ஓர் அரசன் தன் உயிரை ஒரு பெண்ணின் கையில் நம்பிக் கொடுத்தான் என்ற அடிப்படை மட்டும் ஏட்டில் உள்ளது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்தத் தொடர் போயிற்று. ஈரானில் வீதி வெறிச்சோடியது. இலங்கையில் ரூபவாஹினியில் சிங்களம் பேசியது.

பிறகு ஓட்டம் நிற்கவில்லை. எழுத்தரைக் கொன்ற யோன்சான்குனின் நாட்குறிப்பில் கொங்கில் என்ற கூத்தாடி ஒரே இடத்தில் வருகிறான்: அரசன் அரசனாக இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்குமா என்ற பொருளில் பேசி, அடி வாங்கி விரட்டப்படுகிறான். அந்த ஒற்றைக் குறிப்பிலிருந்து ஒரு மேடை நாடகம் வந்தது. அதிலிருந்து 2005இல் ‘தி கிங் அண்ட் தி க்ளவுன்’ படம் வந்தது. ஒரு கோடிப் பேருக்கு மேல் திரையரங்கில் பார்த்தார்கள். 1609இல் காங்வொன் மாகாணத்தின் பல ஊர்களில் வானத்தில் வட்டத்தட்டு போல ஒன்று ஒளிவிட்டுப் பறந்ததாக ஆளுநர் அறிக்கை அனுப்பினார். எழுத்தர் நம்பினாரோ இல்லையோ, பதிவு செய்தார். நானூறு ஆண்டு கழித்து அந்தத் தட்டிலிருந்து நடிகர் கிம் சூ ஹியொன் இறங்கி வந்தார். அதுதான் ‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’ தொடர். 1519இல் அந்தப்புரத்தில் நடப்பதை எழுதப் பெண் எழுத்தர்கள் வேண்டும் என்று ஓர் அதிகாரி கேட்டு, அரசன் மறுத்த செய்தியும் ஏட்டில் உண்டு. மறுக்கப்பட்ட அந்தப் பெண்கள் 2019இல் ‘ரூக்கி ஹிஸ்டாரியன் கூ ஹே ரியொங்’ தொடரில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

கொரியத் தொடர்கள் புதுயுகம் தொலைக்காட்சி வழியாகத் தமிழ் பேசியபோதும், பிறகு நெட்ஃப்ளிக்ஸ் வந்தபோதும் நம் வீடுகளில் இந்த அரண்மனைகள் பழகிவிட்டன. வாசலில் அந்தக் குட்டை மேசையை மட்டும் நாம் தாண்டிப் போய்விடுகிறோம்.

கொரியர்கள் தாண்டிப் போவதில்லை. 2020இல் ‘மிஸ்டர் குயின்’ என்ற நகைச்சுவைத் தொடரில் சில்லொக்கை வதந்தித் தாள் என்று ஒரு பாத்திரம் கேலி செய்தபோது புகார்கள் குவிந்தன. தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு வசனத்தை நீக்கினார்கள். மறு ஆண்டு ‘ஜோசொன் எக்ஸார்சிஸ்ட்’ தொடர் தேஜோங்கையும் இளம் செஜோங்கையும் பிசாசுகளோடு மோதவிட்டு, சீனப் பலகாரங்களையும் பரப்பி வைத்தது. விளம்பரதாரர்கள் விலகினார்கள். இரண்டே பகுதிகளோடு தொடர் நிறுத்தப்பட்டது.

இந்தக் கோபம் எனக்கு ஒரு பக்கம் புரிகிறது, ஒரு பக்கம் உறுத்துகிறது. ஓடையில் மை கழுவியவர்களும், மலையேறிப் பெட்டி சுமந்தவர்களும் காத்த நூலை வதந்தி என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ஆளுகிறவன் கண் படாமல் காத்த நூலுக்குக் கற்பனையால் பெரிய ஆபத்து வந்துவிடாது. தெரிந்ததை மட்டும் எழுதி, தெரியாததை வெற்றிடமாக விட்ட நேர்மைதான் கதைக்காரனுக்கு இடம் கொடுத்தது. அரசனுக்குப் பிடித்தபடி எல்லாவற்றையும் நிரப்பி எழுதியிருந்தால், ஜாங் கும் என்ற வைத்தியப் பெண்ணும் கொங்கில் என்ற கூத்தாடியும் ஏட்டில் ஏறியே இருக்க மாட்டார்கள்.

தீயில் தப்பிய ஒதெ மலை ஏடுகளில் 27 மட்டும் 1932இல் கொரியாவுக்குத் திரும்பின. 47 ஏடுகள் 2006இல் டோக்கியோவிலிருந்து வந்தன. பின்னர் இன்னும் ஒன்று கிடைத்தது. தலைநகரில் சில காலம் இருந்துவிட்டு, 2023 நவம்பரில், 110 ஆண்டுகளுக்குப் பிறகு, அவை ஒதெ மலையடிவாரத்துக்கே போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சிவப்பு மைத் திருத்தங்களை இப்போது யார் வேண்டுமானாலும் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.