புத்தளக் கரையும் அக்கரைப் பயணமும்

உலகப் படத்தை விரித்து நோக்குவோர்க்கு அளவால் ஒத்த இரு நீரிணைகள் தென்படும். ஒன்று, இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரிக்கும் டோவர் நீரிணை. மற்றொன்று, இலங்கையையும் தமிழகத்தையும் பிரிக்கும் நம் கடல். டோவர் நீரிணையின் மிகக் குறுகிய பகுதியின் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. இலண்டனிற் படுக்கையில் அமர்ந்தவர் பாரிசில் இறங்குமாறு, புகையிரதப் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்தும் சேவை அங்கே 1936இல் தொடங்கி 1980 வரை நடைபெற்றது. 1994இற் கடலுக்கு அடியிலே சுமார் 50 கிலோமீற்றர் நீளமான சுரங்கமும் திறக்கப்பட்டது. இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் அக்கரை சென்று மீள்வது அந்நாட்டாருக்கு எளிய செயலாயிற்று.

இத்தகைய சிறு பயணம் நம் கரையோரத்தாருக்குப் புதுமையன்று. கலேயையும் டோவரையும் போல ஒன்றையொன்று நோக்கிய துறைகள் இங்கும் இருந்தன. அவற்றுட் புத்தளம், கற்பிட்டி, சிலாபம் என்னும் வடமேற்குத் துறைகள் தனியிடம் பெறுவன. அக்கரை செல்ல விரும்பிய புத்தளத்து மனிதன் எதனை முதலில் ஆராய்ந்தான் என்ற ஒரு வினாவை எழுப்பி, காலந்தோறும் அதற்குக் கிடைக்கும் விடையைத் தொடர்ந்து சென்றால், இக்கரையின் வரலாறு முழுவதும் கண்முன் விரியும். ஒரு காலத்தில் அவன் காற்றைக் கேட்டான். பின்னர்க் கோட்டையைக் கேட்டான். அதன் பின்னர்க் கால அட்டவணையைக் கேட்டான். இறுதியிற் கடவுச்சீட்டைக் கேட்கலானான்.

காற்றின் காலமே மிக நீண்டது. கற்பிட்டியிலிருந்து தனுஷ்கோடி நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் வடமேற்கே உள்ளது. தூத்துக்குடி அதனினும் தொலைவு. பாயை விரித்தால் ஓர் இரவும் ஒரு பகலும் போதும். ஆனால் காற்று இசைய வேண்டும். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகமும், வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் கரையோரத்தாரின் பஞ்சாங்கமாய் விளங்கின. எந்தக் காற்றிற் போவது, எந்தக் காற்றில் மீள்வது என்று அறியாதவன் தோணியேறத் துணியான்.

அக்காற்றுகள் கொண்டுவந்து சேர்த்த உறவுக்கு மண்ணே சான்று கூறுகின்றது. புத்தளத்திற்கு வடக்கே வில்பத்துக் காட்டோரமாகக் கிடக்கும் பொன்பரப்பியில் 1924இலும் 1956, 57ஆம் ஆண்டுகளிலும் அகழ்வுகள் நடைபெற்றன. அங்கே வெளிப்பட்ட ஈமத் தாழிகள், தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்திருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். நேர் எதிரான இரு கரைகளிலும் இறந்தோரை ஒரே முறையிற் புதைத்த மக்கள் ஒருவரை ஒருவர் அறியாதிருந்திருப்பர் என்று கொள்வது அரிது.

பொன்பரப்பிக்கு அப்பாலுள்ளது குதிரைமலை முனை. உரோம நாட்டு நூலாசிரியர் பிளினி ஒரு செய்தி தருகின்றார். கிளாடியசு மன்னன் காலத்தில், அன்னியசு புளோகாமசு என்பவனுடைய பணியாள் ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலிற் செல்லுகையிற் காற்றினால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாளில் தப்ரபேன் தீவின் இப்புரோசு என்னும் துறையை அடைந்தான் என்பது அது. கிரேக்க மொழியிற் குதிரையைச் சுட்டும் சொல் அப்பெயரில் அமைந்திருத்தலின், அத்துறை குதிரைமலையே எனக் கருதுவோர் பலர். எவ்வாறாயினும், பயணத்தை மனிதன் திட்டமிட்டான். முடிவு செய்தது காற்று.

இதனை யாவரினும் தெளிவாக உணர்ந்தவர் மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா. 1344ஆம் ஆண்டில் அவர் மாலைதீவிலிருந்து மாபர் நாட்டுக்கு, அதாவது தமிழகத்தின் கீழ்க்கரைக்குச் செல்லப் புறப்பட்டார். காற்று அவரை இலங்கைக் கரையிற் சேர்த்தது. அவர் இறங்கிய பட்டாலா என்னும் ஊர் புத்தளமே என்பது அறிஞர் துணிபு. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய ஊர் என்று அதனை அவர் வருணிக்கின்றார். ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் குவிந்து கிடந்தனவாம். மாபர் நாட்டு வணிகர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, அதற்கு ஈடாக மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாக அளித்தனராம். மாபருக்கும் இத்தீவுக்கும் இடையே ஒரு பகலும் ஓர் இரவுமே பயணம் என்றும் அவர் எழுதியுள்ளார்.

அப்போது அங்கிருந்த மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்திருந்த அவன், வந்தவரை முகமலர்ந்து வரவேற்றான். விருந்தினர் வேண்டியது ஒன்றே: பாவா ஆதமின் அடிச்சுவடு பதிந்த மலையைக் காணல் வேண்டும். மன்னன் பல்லக்கு அளித்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தன் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமப்போர் பதினைவரையும் உடன் அனுப்பினான். இசுலாமியப் பயணி ஒருவருக்கு இந்து மன்னன் ஒருவன் வழித்துணை தேடிக் கொடுத்த இந்நிகழ்ச்சி புத்தள மண்ணில் நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. கப்பற்றலைவனும் அவர் மீளும்வரை காத்திருக்க இசைந்தான்.

மலையைக் கண்டு தென்கரை வழியாகப் புத்தளம் மீண்ட இபுனு பதூதா, அதே கப்பலில் மாபருக்குப் புறப்பட்டார். ஒரு நாட் பயணமே; ஆயினும் புயல் எழுந்தது. வழியறிந்த மாலுமி கப்பலில் இல்லை. பாறையில் மோதாமல் தப்பிய கப்பல், ஆழமற்ற நீரிற் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். மரங்களைப் பிணைத்து மிதவை செய்தனர். உடன்வந்தோரை அதில் ஏற்றிவிட்டு, அவர் கப்பலின் பின்புறத்திலேயே இரவைக் கழித்தார். பொழுது விடிந்த பின்னர் அக்கரையார் படகில் வந்து மீட்டனர். பன்னெடுந் தூரம் கடந்த பெரும்பயணியையும் இக்குறுகிய கடல் அச்சுறுத்தியது. அரச ஆதரவு, பொருள், கப்பல் யாவும் இருந்தும், கடலின் மேடுபள்ளம் அறிந்த உள்ளூர் மாலுமி ஒருவன் இல்லாமையே அவ்விடருக்குக் காரணமாயிற்று. நூலறிவினும் துறையறிவே இக்கடலிற் பெரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

அடுத்து வந்தது கோட்டையின் காலம். போர்த்துக்கேயருக்குப் பின்னர்க் கற்பிட்டியைக் கைக்கொண்ட ஒல்லாந்தர், 1667க்கும் 1676க்கும் இடையில் அங்கே கோட்டை ஒன்றை எழுப்பினர். புத்தளக் களப்பின் வாயிலிலே அக்கோட்டை அமைந்தமைக்குக் காரணம் உண்டு. கண்டி மன்னனுக்குப் புத்தளமே கடலை நோக்கிய வாயில்களுள் ஒன்று. பாக்கும் பிறவும் அவ்வழியே வெளிச் சென்றன. அரிசியும் துணியும் அக்கரையிலிருந்து வந்தன. களப்பின் வாயிலைக் காவல் செய்பவன் கண்டியின் கழுத்தைப் பிடித்தவனாவான். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. தோணிக்காரன் காற்றைக் கேட்டபின் கோட்டையின் இசைவையும் கேட்க வேண்டியவனானான். அதே வேளையில், கொழும்பையும் நீர்கொழும்பையும் புத்தளத்தோடு இணைத்த ஒல்லாந்தர் வாய்க்கால், பாதைப் படகுகளுக்கு உள்நாட்டு நீர்வழியாகப் பயன்பட்டது. 1795இற் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

அக்கற்பிட்டியிலேதான் 1807ஆம் ஆண்டிற் சைமன் காசிச்செட்டி பிறந்தார். 1834இல் அவர் வெளியிட்ட இலங்கை விவரத் திரட்டு நூல், ஊர்களையும் துறைகளையும் பிரிவுகளையும் அகரவரிசையில் விளக்குவது. பயணியின் கையில் இருக்கத் தக்க அந்நூலைக் கடற்றுறையொன்றிற் பிறந்தவர் எழுதியது பொருத்தமே. பின்னர், 1859இல், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நூல் இரு கரைப் புலவரையும் ஒருங்கே கொண்டது. புலவரைக் கணக்கிடும்போது இடையிலுள்ள கடலை அவர் ஒரு பொருட்டாக எண்ணினாரல்லர்.

மூன்றாவதாக வந்தது கால அட்டவணை. 1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இங்கே புகையிரதப் பாதை தலைமன்னார் இறங்குதுறை வரை சென்றது. கர்சன், எல்கின், ஹார்டிஞ்ச் என்னும் மூன்று நீராவிக் கப்பல்கள் இடைக்கடலைக் கடந்தன. போட் மெயில் என்று மக்கள் வழங்கிய அவ்வண்டி, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு இரவெல்லாம் கப்பலிற் கிடந்த பழைய வழியை மறக்கச் செய்தது. கொழும்பிலிருந்து சென்னை வரை ஒரே சீட்டுடன் செல்லும் வசதி ஏற்பட்டது.

ஆயினும் புத்தளத்தாருக்கு இவ்வசதி விந்தையானதொரு வழியையே காட்டியது. 1926இற் புத்தளத்திற்குப் புகையிரதம் வந்தது. ஆனால் அப்பாதை வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லவில்லை. வடமேற்கேயுள்ள இராமேசுவரத்திற்குச் செல்ல விரும்பியவர் முதலில் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கே இரவு வண்டி ஏறி, பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாக மறுநாட் காலை தலைமன்னாரை அடைய வேண்டும். அவ்வாறு சுற்றிச் செல்ல விரும்பாதவர் மோட்டார் வண்டியில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் கிழக்கே சென்று, அநுராதபுரத்தில் நள்ளிரவில் அவ்வண்டியைப் பிடிக்கலாம். ஓர் இரவிற் பாய் விரித்துச் சென்ற இடத்துக்குச் செல்ல மோட்டார், புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் என நான்கு மாறுதல்கள் வேண்டியனவாயின. பயணம் பாதுகாப்பானதாயிற்று, ஆனாற் கரையின் துறைகள் வழியிலிருந்து விலகின. பாய்க்கப்பல் வாணிகம் படிப்படியாகத் தேய்ந்தது.

எல்லார்க்கும் அப்பயணம் ஒரே தன்மையதாய் இருக்கவுமில்லை. தோட்ட வேலைக்கு அழைத்துவரப்பட்ட ஏழைத் தொழிலாளர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். மேல்வகுப்புப் பயணிக்கு அது இன்பச் செலவு. தொழிலாளிக்கோ மீளுதல் அரிதான பெயர்ச்சி.

நான்காவது, கடவுச்சீட்டின் காலம். 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் நிறைவேறியது. இரு கரையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தபோது தோன்றாத எல்லை, இரண்டும் விடுதலை பெற்றபோது தோன்றியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 மக்களை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அவ்வூரை நெருங்கிய புகையிரதமும் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. அதன் பின்னர் இராமானுஜம் என்னும் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. பிறந்த மண்ணை விட்டு அனுப்பப்பட்ட பல்லாயிரவர் அவ்வழியே சென்றனர். உள்நாட்டுப் போர் மூண்ட 1980களின் முற்பகுதியில் அச்சேவையும் நின்றது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே புத்தளக் கரை துயரமான ஒரு கடற்பயணத்தையும் கண்டது. விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள், மன்னார்த் தீவைச் சேர்ந்தோர் படகுகளில் ஏறிக் கற்பிட்டியிலே வந்து இறங்கினர். காற்றைக் கேட்கவும், உடைமைகளை எடுக்கவும் அவர்களுக்கு அவகாசம் இல்லை. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் அயல்நாட்டு விருந்தினனை வரவேற்ற கரை, தன் நாட்டு அகதிகளுக்கு இடமளித்தது. புத்தள மக்கள் தம் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தோட்டங்களையும் அவர்களுக்குத் திறந்துவிட்டமை, எந்தக் கோட்டையினும் பெருமை தரும் செயலாகும்.

போர் ஓய்ந்த பின்னர், 2015இல் தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டும் ஓடலாயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்று, இடையூறுகளின்பின் 2024இல் மீளவும் தொடர்ந்தது. இவை நற்குறிகள். ஆயினும் புத்தளத்தவர் ஒருவர் இவ்வழிகளிற் செல்ல எண்ணின், நாட்டின் வடகோடி வரை சென்றே கடலைக் காண வேண்டும். தம் வாசலிற் கிடக்கும் கடல் அவருக்கு வழியாகாது.

இடைக்கடலின் அகலம் இத்தனை நூற்றாண்டுகளாக மாறவில்லை. மாறியவை, அதனைக் கடக்க மனிதன் பெற வேண்டிய இசைவுகளே. காற்று யாரையும் இனங்கேட்டுத் தடுத்ததில்லை. அது வீசுங்காலத்தில் எல்லார்க்கும் வீசியது. மனிதர் வகுத்த ஒழுங்குகள் சிலருக்குக் கதவாகவும் சிலருக்குச் சுவராகவும் அமைந்தன. பொன்பரப்பித் தாழிகளும், பட்டாலாவின் மர மதிலும், கற்பிட்டிக் கோட்டையும், தலைமன்னார் இறங்குதுறையும் இளைஞர்க்குப் புகட்டும் பாடம் இதுவே. அக்கரைக்குப் பயணம் திட்டமிடுவோர் தூரத்தையும் கட்டணத்தையும் கணக்கிடுவதோடு, இக்கடலை முன்னர்க் கடந்தோர் எவ்வெவ் வகையிற் கடந்தனர் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.