கபாலச் சுவருக்கு அப்பால்: மூளை, முண்ணாண் தொற்றுக்களும் காந்தப் பரிவுப் படமும்

1876ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்கீவன் என்னும் சத்திர வைத்தியர் நோயுற்ற சிறுவன் ஒருவனைப் பரிசோதித்தார். வலிப்பையும் பேச்சுத் தடையையும் சான்றாகக் கொண்டு, மூளையின் இடப்புற முன்பகுதியில் சீழ்க்கட்டி இருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார். சத்திரசிகிச்சைக்கு இணக்கம் கிடைக்கவில்லை, சிறுவன் இறந்தான். பிரேத பரிசோதனையின்போது அவர் சுட்டிய இடத்திலேயே கட்டி காணப்பட்டது. மூளை, முண்ணாண் ஆகியவற்றின் சீழ்பிடிக்கும் தொற்றுக்கள் பற்றி அவர் 1893இல் வெளியிட்ட நூல், சத்திரசிகிச்சை பெற்ற 19 மூளைச் சீழ்க்கட்டி நோயாளருள் 18 பேர் பிழைத்ததைப் பதிவுசெய்கிறது. நோயின் இருப்பிடத்தை உரிய வேளையில் அறிதலே உயிர்காக்கும் என்பதை இவ்விரு செய்திகளும் உணர்த்துகின்றன.

எனினும், எலும்பின் உள்ளே நிகழ்வதைக் காண நெடுங்காலம் வழி இருக்கவில்லை. 1891இல் ஜேர்மனியரான குயின்கே முதுகின் கீழ்ப்புறத்தில் ஊசி செலுத்தி மூளைய முண்ணாண் பாய்பொருளைப் பெறும் முறையை வெளியிட்டார். அது கிருமியைக் காட்டியது. கட்டியின் இடத்தைக் காட்டவில்லை. 1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது. மூளையின் மென்மையான இழையங்களை வேறுபடுத்தவில்லை. 1919இல் அமெரிக்கரான டன்டி முண்ணாணைச் சூழ்ந்த வெளியினுள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். பயன் இருந்தது, நோயாளர் பட்ட வேதனையும் பெரிது. 1971இல் இலண்டனில் நோயாளர்க்குப் பயன்பட்ட ஹவுன்ஸ்பீல்டின் கணினிக் குறுக்குவெட்டுப் படமே இந்நிலையை மாற்றியது. ஆயினும் மூளையழற்சியின் தொடக்க நிலையில் அப்படம் பெரும்பாலும் மாற்றமெதனையும் காட்டுவதில்லை.

காந்தப் பரிவு முறை வேறோர் ஊற்றிலிருந்து பிறந்தது. 1946இல் புளொக், பேர்செல் ஆகிய பௌதிகவியலாளர் தனித்தனியே இப்பரிவை அவதானித்தனர். அதனைப் படமாக்கும் வழியை லோட்டபர் 1973இல் வெளியிட்டார். மான்ஸ்பீல்ட் அதனை விரைவுபடுத்தினார். 1980 ஓகஸ்டில் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் மல்லாட்டின் குழுவினர், தாமே அமைத்த கருவியால் நோயாளி ஒருவரின் உடலைப் பயன்தரும் வகையிற் படமெடுத்தனர். தனியொரு மேதையின் கொடையன்று இது. பல நாட்டு ஆய்வுகூடங்களின் கூட்டு உழைப்பென்றே நாம் கொள்கிறோம்.

இம்முறை நீரிலுள்ள ஐதரசனின் கருக்களிலிருந்து சைகை பெறுகிறது. தொற்று ஏற்படும் இடத்தில் நீர் மிகுவதால் மாற்றம் விரைவிற் புலப்படும். ஹேர்ப்பீஸ் வைரசு மூளையின் பக்கப் பகுதிகளைத் தாக்குவதை இது முன்கூட்டியே காட்டும். தடித்த சீழில் நீர்மூலக்கூறுகளின் அசைவு தடைப்படுகிறது. அவ்வசைவை அளக்கும் படத்தில் சீழ்க்கட்டி ஒளிர்ந்து, புற்றுக்கட்டியிலிருந்து பெரும்பாலும் வேறுபட்டுத் தோன்றும். முன்னர் முள்ளந்தண்டுச் சீழ்க்கட்டியைக் காண முண்ணாணைச் சூழ்ந்த வெளியினுள் சாயம் செலுத்தினர்; ஊசியே சீழை உள்ளே கொண்டுசெல்லும் ஆபத்து இருந்தது. இன்று ஊசியின்றியே முதுகு முழுவதையும் காணமுடிகிறது.

ஆயினும் படம் கிருமியின் பெயரைச் சொல்வதில்லை. காசநோய்க் கட்டியும் புற்றுக்கட்டியும் சிலவேளை ஒத்துத் தோன்றும். குயின்கேயின் ஊசியும் நுணுக்குக்காட்டியும் இன்றும் வேண்டப்படுகின்றன. படத்திற்காகக் காத்திருந்து மருந்தைத் தாமதிப்பதும் உயிரைக் குடிக்கும்.

இங்கு எழும் வினா தொழினுட்பம் பற்றியது மட்டுமன்று. குளிரூட்டப்பட்ட பெருங்காந்தம், தடையற்ற மின்சாரம், பயிற்சிபெற்ற ஊழியர் ஆகியன செல்வமுள்ள நகரங்களிலேயே குவிகின்றன. மூளையுறைக் காசநோயோ வறியோரையே பெரிதும் தாக்குகிறது. அபர்டீன் கருவியின் காந்தப்புலம் 0.04 தெஸ்லா மட்டுமே. 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, நோயாளியின் கட்டிலருகே தள்ளிச்செல்லத்தக்க கருவியின் புலம் 0.064 தெஸ்லா. அதன் படம் பெருங்கருவியினதைப்போல் நுண்மையானதன்று. ஆயினும் எளிய கருவி ஏழையின் கட்டிலை அடையும் பாதை அடைபட்டதன்று என்பதை அது காட்டுகிறது. 1876இல் இடம் தெரிந்திருந்தும் சிறுவன் இறந்தான். அறிவு இருந்தும் அது நோயாளியை எட்டாதபோது நிகழ்வதும் அதுவே.