ஆதுலரும் கிருமிகண்டனும்

இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் சோழர் தலைநகராக விளங்கியது. அந்நகரத்து அரசர்களை ஒட்டி வந்த இரு சொற்கள் நமக்கு இங்கே பொருள்.

முதற்சொல் கல்லில் இருக்கிறது. வீரராசேந்திரன் ஆட்சியில், ஏறக்குறைய 1068இல், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் பொறித்த கல்வெட்டு ஒரு மருத்துவமனையை 'ஆதுலசாலை' என்கிறது. படுக்கைகள் 15. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், மருந்து காய்ச்சும் பெண்டிர், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் ஊதியம். இரவு விளக்குக்கு எண்ணெய்கூடக் கணக்கில் உண்டு. ஆதுலர் என்றால் நோயுற்றவர். வறியவர் என்றும் பொருள்.

மற்றது ஏட்டுச் சொல். இராமானுசரைத் துன்புறுத்திய சோழனை வைணவ குருபரம்பரை நூல்கள் 'கிருமிகண்டன்' என்கின்றன. கண்டம் கழுத்து, கிருமி புழு. கழுத்துப் புண் புழுத்து மாண்டான் என்பது கதை. அவன் முதலாம் குலோத்துங்கனா, இரண்டாமவனா, அதிராசேந்திரனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. (தீர்ப்புச் சொல்ல நாம் யார்?) நம் கவனத்துக்குரியது வேறு: அரசனின் இயற்பெயர் உதிர்ந்து, நோயே அவன் பெயராக நின்றுவிட்டது. அதுவும் தண்டனையாக வந்த நோய்.

அக்கிருமி கண்ணுக்குத் தெரிந்த புழு. 1876இல் ஆந்த்ராக்சுக்கும் 1882இல் காசநோய்க்கும் காரணமான நுண்ணுயிரிகளை இராபர்ட் கோக் காட்டிய பின்னர், காலப்போக்கில் அதே சொல் கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு வழங்கலாயிற்று. தொற்றுநோய்க்கு நம்மிடம் 'ஒட்டுவாரொட்டி' என்ற பழஞ்சொல்லும் உண்டு. நெருங்கியவரை ஒட்டிக்கொள்வது, அவ்வளவுதான். அதில் பாவமும் இல்லை, தண்டனையும் இல்லை. பாடநூல்களில் அச்சொல் நிலைக்காமற்போனது நமக்கு வருத்தமே.

பொருள் மாறினாலும் கிருமியோடு வந்த பழி மாறவில்லை என்பதை 2020 மே மாதம் கண்டோம். சென்னைக் கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்தவர்கள் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குத் திரும்பினர். சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோரிடம் தொற்று உறுதியானது. நாளிதழ்களில் தினமும் 'கோயம்பேடு தொடர்பு' என்ற சொற்றொடர். அரசுக் குறிப்புகளில் அவர்கள் 'தொற்றாளர்'. கிருமிகண்டனைப் போலவே, நோயால் மட்டும் அறியப்பட்டார்கள்.

ஆதுலர் என்ற சொல்லுக்கு அகராதி தரும் இரு பொருளும் அவர்களுக்குப் பொருந்தியிருக்கும்: நோயோடு வந்தார்கள், வேலையை இழந்தும் வந்தார்கள்.